ஸ்பீக்கரைத் தள்ளி வைக்கத்தான் வேண்டுமா?

கிளிநொச்சியில் உறவினர் வீட்டுப் பெடியன் புதிதாக வாங்கிய எல்.ஈ.டி. மொனிட்டருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர்களை வைக்கப் போனான். "தள்ளி வை தம்பி, ஸ்கிரீன் பழுதாப் போயிடும்" என்று தகப்பன் தடுத்தார். அவர் தன் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். ஆனால் அவர் கண்டது பழைய படக்குழாய் ரீவியில்.

1990களில் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரமே இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயும் பற்றரியும் கிடைப்பதே பெரும்பாடு. அந்த நாட்களிலும் ஜெனரேற்றரையும் ரீவியையும் டெக்கையும் வாடகைக்குப் பிடித்து, முற்றத்தில் அயல் முழுக்கக் கூடியிருந்து படம் பார்த்தோம். கடைசியில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று பெரிய சவுண்ட் பொக்ஸை ரீவியோடு ஒட்டி வைத்தால், திரையின் அந்த மூலை பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிவிடும். கதாநாயகியின் முகத்தில் பாதி நீலம்! பெட்டியை எடுத்த பிறகும் சில வேளை அந்தக் கறை போகாது. பயம் அப்படித்தான் பிறந்தது.

நடந்தது இதுதான். படக்குழாயின் பின்பக்கமிருந்து மூன்று இலத்திரன் கற்றைகள் பாய்ந்து வரும். நுண்துளைகள் நிறைந்த மெல்லிய உலோகத் தகடு ஒன்றைக் கடந்து, ஒவ்வொன்றும் தனக்குரிய சிவப்பு, பச்சை, நீலப் புள்ளியில் விழ வேண்டும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம் கிட்ட வந்தால் கற்றை வளையும். சிவப்புக்குப் போக வேண்டியது பச்சையில் விழும். அந்தத் தகடும் காந்தமேறிவிட்டால், பெட்டியை எடுத்தாலும் கறை நிற்கும். பூமியின் காந்தப்புலமே இந்தக் குழாய்களுக்குத் தொல்லைதான். அதனால் வட பாதிக்கும் தென் பாதிக்கும் நிலநடுக்கோட்டு நாடுகளுக்கும் என்று வேறுவேறாகச் சரிசெய்த குழாய்களைக் கொம்பனிகள் செய்தன.

அந்தக் கறையும் பெரும்பாலும் நிரந்தரப் பழுதல்ல. ரீவியைப் போட்டதும் "டும்" என்றொரு சத்தம் கேட்குமே, அது உள்ளே இருக்கும் சுருள் தகட்டின் காந்தத்தைக் கலைக்கும் சத்தம். அந்தச் சுருளை இயக்கும் சுற்று ஆறினால்தான் மறுபடி ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே திரும்பத் திரும்ப நிறுத்திப் போடுவதில் பயனில்லை. அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் போட வேண்டும். இது தெரியாமல் நல்ல ரீவிகளைப் பழுதென்று ஒதுக்கியவர்கள் உண்டு என்பதுதான் எனக்குக் கவலை. இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான், கணினிக்கென்று வந்த பல ஸ்பீக்கர்களில், காந்தத்தின் பின்னால் எதிர்த்திசையில் இன்னொரு காந்தத்தை ஒட்டி, உலோக மூடியும் போட்டு, புலம் வெளியே கசிவதைக் குறைத்திருந்தார்கள்.

இன்றைய எல்.சி.டி., எல்.ஈ.டி. திரைகளில் இலத்திரன் கற்றையே கிடையாது. திரவப் படிகங்களை மின்னழுத்தம் திருப்புகிறது. ஸ்பீக்கர் காந்தத்துக்கு அங்கே வேலையில்லை. உங்கள் கைபேசியைப் பாருங்கள். திரையும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டுக்குள் விரலகலத்தில்தான் இருக்கின்றன.

ஹார்ட் டிஸ்க் அழிந்துபோகும் என்பதும் வீண் பயம். அதன் உள்ளேயே பலமான காந்தங்கள் இருக்கின்றன. பென் டிரைவ் காந்தத்தால் பதிவதே இல்லை. பாட்டுக் கசற்றையும் பிளொப்பியையும் காந்தத்தோடு ஒட்டி வைப்பதுதான் ஆபத்தாக இருந்தது. காந்தத்தை விட்டுச் சத்தத்தைப் பார்த்தால் ஒரு விந்தை உண்டு. ஜெனட் ஜாக்சனின் 1989ஆம் ஆண்டுப் பாடலான 'ரிதம் நேஷன்' ஒலித்தபோது சில பழைய மடிக்கணினிகள் நின்றுபோயின என்று மைக்ரோசொஃப்ட் பொறியியலாளர் ரேமண்ட் சென் 2022இல் எழுதினார். பாடலின் ஓர் அதிர்வெண் ஹார்ட் டிஸ்க்கின் இயல்பதிர்வோடு ஒத்துப்போனதே காரணம்.

எங்கள் பக்கத்தில் திரையைக் கொல்வது இடிமின்னல். பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரங்களில் வானம் கறுத்து இடி விழும். அப்போது மின்வயர், அன்ரெனா வயர், டிஷ் வயர் எல்லாவற்றாலும் மின்னெழுச்சி உள்ளே வரும். "ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அது மின்கசிவிலிருந்து ஆளைக் காக்கப் பூட்டுவது. மின்னலிலிருந்து மொனிட்டரைக் காக்காது. சுவிட்சை நிறுத்துவதும் போதாது. பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்ற வேண்டும்.

ஸ்பீக்கரை விரும்பிய இடத்தில் வையுங்கள். வானம் கறுக்கத் தொடங்கும்போதே வயர்களைக் கழற்றிவிடுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு அவற்றைத் தொடாதீர்கள்.