செம்மண்ணில் பார்த்த என் வலது கால்

2012 நவம்பர். விடியற்காலை ஆறு மணி ஆகப்போகிறது, இன்னும் வெளிச்சம் வரவில்லை. பெங்களூரு ஹெண்ணூர் மூங்கில் காட்டின் ஓரத்தில், 50 கிலோமீட்டருக்கான எண் அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றிருந்தேன். சுற்றிலும் மற்றவர்கள் ஓடுவதற்குத் தயாராகக் கணுக்காலைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு அடிகூட ஓடக் கூடாது என்ற முடிவோடு வந்தவள் நான். வலது முழங்காலில் காயம். ஐந்து வாரமாகப் பயிற்சியே இல்லை. அன்று அந்தப் பாதையில் கற்றுக்கொண்டதை, அடிபட்ட காலோடு நெடுந்தூரம் போக நினைக்கும் எவருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று பல நாளாக ஆசை.

பெங்களூரு அல்ட்ரா 2007-இல் தொடங்கிய போட்டி. 'ரன்னர்ஸ் ஃபார் லைஃப்' என்ற அமைப்பு நடத்தியது. தார்ச்சாலை கிடையாது, மூங்கில் புதர்களுக்கு நடுவே செம்மண் பாதை. தூரங்கள் எல்லாம் 12.5-இன் மடங்கு: 25, 37.5, 50, 75, 100. 12.5 கி.மீ.-இல் பாதி தூரம் போய், அதே வழியில் திரும்பி வந்தால் ஒரு சுற்று. எனக்கு நான்கு சுற்று.

காயம் வந்த கதை சாதாரணமானது. வாரத்துக்கு 25 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவள், போட்டி நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் ஒரே தாவலில் 45-க்குப் போனேன். 1,478 மீட்டர் உயர நந்தி மலையில் ஏறி, இறக்கத்தில் வேகமாக ஓடி வந்தபோது வலது முழங்காலின் வெளிப்பக்கம் ஊசியால் குத்தியது போல் வலி பிடித்தது. ஐ.டி. பேண்ட் என்றார் பிசியோதெரபிஸ்ட். இடுப்பின் பக்கவாட்டில் தொடங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை இறங்கும் தடித்த நார்ப்பட்டை அது. முழங்கால் கொஞ்சமாக மடங்கும்போது அங்கே அழுத்தம் விழுகிறது. இறக்கத்தில் ஓடும்போது அந்தக் கோணத்தில்தான் கால் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும்; தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லை என்பதால் உடம்பு தயார் என்று நான் நம்பியதுதான் தவறு.

புறப்படும் முன் கேட்க வேண்டிய கேள்வி

"நடந்தாவது போகலாமா?" என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. காயம்பட்ட காலில் மட்டும் நின்று குதிக்கச் சொன்னார். எலும்பின் மேல் விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார். ராத்திரி படுத்திருக்கும்போது வலிக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று கேட்டார். எலும்பில் ஒரே புள்ளியில் வலி, ஒற்றைக் காலில் குதிக்க முடியாத வலி, ஓய்விலும் விடாத வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், அப்போது நடப்பதுகூட ஆபத்து. எனக்கு எதுவும் இல்லை. அதன் பிறகுதான் சொன்னார்:

"ஓடவே வேணாம் மேடம். நடந்து பாருங்க. வலி எவ்வளவு இருக்குன்னு கணக்கு பார்க்காதீங்க, நடை மாறுதான்னு பாருங்க. நடை மாறிடுச்சுன்னா அங்கேயே நிறுத்திடணும்."

இந்த ஒரு அறிவுரையைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் விளக்கப் போகிறேன். வலி நம்பத்தகாத சாட்சி. கூட்டத்தின் கைதட்டலில் குறையும், தனியாக நடந்தால் கூடும், மாத்திரை போட்டால் மறையும். நடை அப்படி ஏமாற்றாது. ஒரு இடத்தைக் காப்பாற்ற உடம்பு நொண்டத் தொடங்கினால், பாரம் இன்னொரு இடத்தில் ஏறும். ஒரு முழங்காலோடு போக வேண்டியது இடுப்பு, இடது கணுக்கால் என்று மூன்று காயமாகும்.

அதனால் எப்போது நிறுத்துவது என்பதை வீட்டிலேயே எழுதி வைத்தேன். நடை மாறினால் அந்தச் சுற்றோடு முடிவு. இதைக் கூட வந்த அலுவலகத் தோழியிடமும் சொல்லி வைத்தேன். அவள் 50 கி.மீ. ஓடுபவள், போய்த் திரும்பும் பாதை என்பதால் எதிரெதிரே சந்தித்துக்கொண்டே இருப்போம். "எதிரே வரும்போது என் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார்" என்றேன். களைத்துப் போன மூளையிடம் புது முடிவு எடுக்கச் சொல்லக் கூடாது. ஏற்கெனவே எடுத்த முடிவை நிறைவேற்றும் வேலை மட்டும்தான் அதற்கு மிச்சம் இருக்க வேண்டும்.

நடப்பதும் தனிப் பயிற்சி

ஓடத் தெரிந்தால் நடக்கவும் தெரியும் என்று நினைத்திருந்தேன். முதல் சுற்றிலேயே அந்த எண்ணம் போனது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருப்பதால் அது எடையை விடச் சற்றுத்தான் அதிகம். என் முழங்கால் தாங்கியதற்குக் காரணம் இதுதான். ஆனால் விரைவாக நடக்க, பாதத்தை மேலே இழுக்கும் முன்கால் தசை இடைவிடாமல் உழைக்கிறது. மூன்றாவது கிலோமீட்டரில் எனக்கு முழங்காலை விட முன்கால்தான் எரிந்தது.

நடையை யாரும் குறைவாக மதிக்க வேண்டாம். ஒலிம்பிக்கில் 1932 முதல் டோக்கியோ வரை, 1976 ஒன்றைத் தவிர, 50 கி.மீ. நடைப் போட்டி இருந்தது. 2014-இல் பிரான்சின் யோஹான் டினிஸ் அந்தத் தூரத்தை 3 மணி 32 நிமிடம் 33 விநாடியில் நடந்தார். நம்மில் பெரும்பாலோர் ஓடினாலும் அந்த நேரத்தில் போய்ச் சேர மாட்டோம்.

நடந்தே முடிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே மூன்று நான்கு மணி நேரம் நிற்காமல் இரண்டு மூன்று முறை நடந்து பாருங்கள், அதே காலணியில், அதே காலுறையில், மண் பாதையில். நான் அதைச் செய்யவில்லை. என் கணக்கு இதுதான்: கிலோமீட்டருக்கு 12 நிமிடம், ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம், நான்கு சுற்றுக்குப் பத்து மணி நேரம், இடையில் அரை மணி ஓய்வு. மாலை நாலரைக்கு முடிய வேண்டும். நடப்பவருக்கு வேகத்தைக் கூட்டி நேரத்தை மீட்க வழியில்லை. அதனால் நிற்கும் நிமிடங்களைத்தான் காக்க வேண்டும். தண்ணீர்ப் பந்தலில் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் மாலைக்குள் ஒரு மணி நேரம் போய்விடும்.

பாதம், உப்பு, மாத்திரை

முதல் சுற்று 2 மணி 25 நிமிடம். 8.25-க்கு வந்து உட்கார்ந்து காலணியைக் கழற்றினேன். செம்மண் தூசி காலுறைக்குள் புகுந்து, விரலிடுக்கில் வியர்வையோடு குழைந்து அரக்கு மாதிரி ஒட்டியிருந்தது. குதிகாலின் வெளி விளிம்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு சிவப்பு. தொட்டால் சூடு. கொப்புளம் வருவதற்கு முந்தைய நிலை அது. அப்போதே கவனித்தால் ஐந்து நிமிட வேலை. விட்டுவிட்டால் அதைக் காக்கவே நடை மாறிவிடும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர விட்டு, பிளாஸ்டர் ஒட்டி, விரலிடுக்கில் வாசலின் தடவி, புதுக் காலுறை மாற்றினேன். பையில் காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக வையுங்கள். நகங்களை மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

சாப்பாடு என் பாட்டி தந்த பாடம். உப்புத் தூக்கலாகப் போட்ட தயிர்சாதமும் நாரத்தங்காய் ஊறுகாயும் சின்ன டப்பாவில். பந்தலில் கிடைத்த வாழைப்பழம், உப்பு தொட்ட உருளைக்கிழங்கு. மெதுவாக நடப்பவர்களுக்குத் தாகத்தை மிஞ்சித் தண்ணீர் குடிக்க நேரமும் வாய்ப்பும் அதிகம், ஆபத்து அங்கேதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தப் பரிசோதனை செய்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அதிகத் தண்ணீரும், நீண்ட நேரம் பாதையில் இருந்ததும் முக்கியக் காரணங்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள்; வயிறு குலுங்கும் அளவுக்கு வேண்டாம்.

வலி மாத்திரை பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அன்று பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் அன்போடு ஒரு அட்டையை நீட்டினார். நான் வாங்கவில்லை. வலியை அமுக்கிவிட்டால் நடை மாறுவதை எப்படி உணர்வேன் என்பதுதான் அன்றைய யோசனை. இன்னொரு காரணம் பின்னால் தெரிந்தது. 80 கி.மீ. ஓடியவர்களிடம் செய்து 2017-இல் வெளியான ஆய்வில், இபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கான அறிகுறி தென்பட்டது. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் அந்த மாத்திரையும் வேண்டாம்.

தடம் சொன்ன உண்மை

இரண்டாவது சுற்று 2 மணி 40 நிமிடம். வெயில் ஏறியது. காற்றடிக்கும்போது மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி, பழைய கதவு திறப்பது போல் முனகின. திருப்பத்தில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பையன், "நிதானக்கெ ஹோகி அக்கா" என்றான். மெதுவாகப் போங்க என்று கன்னடத்தில் அவன் சொன்னது அன்று முழுக்கக் காதில் இருந்தது.

எதிரே வந்த தோழி ஓட்டத்தைக் குறைத்தாள். "அக்கா, வலது காலை வெளியே வீசி நடக்கிறீங்க."

"பாதை சாய்வா இருக்கு, அதனால அப்படித் தெரியுது" என்றேன். அந்த நேரத்தில் அதை உண்மையென்றே நம்பினேன். யாரிடம் கவனிக்கச் சொல்லி வைத்தேனோ அவளையே மறுத்தேன். களைத்த மூளை இப்படித்தான் தனக்கு வேண்டிய பதிலைத் தயாராக வைத்திருக்கும்.

பதினொன்றரைக்கு மூன்றாவது சுற்று. இரண்டாவது முடிவில் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. கோடியில் திரும்பி வரும்போது, நிழலான ஒரு சமதளம். புழுதி அங்கே மாவு போல மெத்தென்று படிந்திருந்தது. ஓடியவர்களின் தடங்களுக்கு ஓரமாக, எதிர்த்திசையில் போகும் ஒரு ஜோடித் தடம். அடிப்பாகத்தின் கோடுகளைப் பார்த்ததும் புரிந்தது, முக்கால் மணி நேரம் முன்பு போன என் தடமேதான்.

இடது பாதம் நேராக, குதிகாலிலிருந்து விரல் வரை முழுசாகப் பதிந்திருந்தது. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. குதிகால் ஆழமாக, விரல் பக்கம் மங்கலாக. ஒவ்வொரு வலது தடத்துக்கும் முன்னால் பெருவிரல் இழுத்த கீறல் ஒன்று, ஒரு சாண் நீளத்துக்கு. சாய்வே இல்லாத தரை அது. குனிந்து அந்தக் கீறலை விரலால் தொட்டுப் பார்த்தேன். என் உடம்பு இத்தனை நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மண் எழுதி வைத்திருந்தது.

அங்கேயே முடிவு நிறைவேறிவிட்டது. மிச்சத் தூரத்தை அடியைச் சிறிதாக்கி, சமதளமான ஓரமாகப் பார்த்து நடந்தேன். மூன்றாவது சுற்றுக்கு 3 மணி 5 நிமிடம் ஆனது. 2.35-க்குக் கூடாரத்துக்கு வந்து, நேரம் குறிப்பவரிடம் என் எண்ணைச் சொல்லி, "இதோட நிறுத்திக்கிறேன்" என்றேன். கண் கலங்கியது. வெட்கத்தால் இல்லை; ஆசைப்பட்ட ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே கீழே வைக்கும்போது வரும் கலக்கம் அது. பாதியில் நிறுத்துபவர்கள் அந்தக் கண்ணீருக்கும் இடம் கொடுங்கள். பிறகு உட்கார்ந்து, தோழி 50 முடித்து வரும்வரை கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு

மூன்று வாரம் ஓட்டமே இல்லை. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, படிக்கட்டில் மெல்ல இறங்குவது என்று இடுப்புத் தசைக்கான பயிற்சிகள் தினமும் இருபது நிமிடம். வலி முழங்காலில் இருந்தாலும் பலவீனம் இடுப்பில் இருந்தது. பிப்ரவரியில் வலியில்லாமல் ஓடினேன். அந்த நான்காவது சுற்றையும் நொண்டிக்கொண்டே முடித்திருந்தால் பிப்ரவரியில் ஓடியிருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சி குறைவாக இருக்கும்போது போட்டிக்கே போகக் கூடாதா என்று கேட்கிறார்கள். போகலாம், மூன்று நிபந்தனையோடு. காயத்தைத் தெரிந்தவர் ஒருவர் கையால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நிறுத்தும் இடம் முன்கூட்டியே முடிவாகி, இன்னொருவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அந்த இன்னொருவர் சொல்வதை, அவர் சொல்லும் அந்த நொடியிலேயே கேட்க வேண்டும். மூன்றாவதில்தான் நான் தவறினேன், மண் காப்பாற்றியது.

இப்போதும் நீண்ட நடைக்குப் போனால், புழுதியோ ஈரமோ உள்ள இடத்தில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பேன். இரண்டு பாதமும் ஒரே திசையைப் பார்த்திருந்தால் மேலே நடப்பேன்.