கிராமத்து டாக்டருக்குக் கைகொடுக்கும் திரை

கேள்வி: பெரிய ஊர் நிபுணரின் வைத்தியம் உள்ளூர் டாக்டரிடமே கிடைக்க இணையம் உதவுமா?

பதில்: உதவும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் அதைச் செய்தே காட்டியிருக்கிறது.

அங்கே ஆல்புகெர்க்கி நகரில் கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோராவைப் பார்க்க, ஹெபடைடிஸ் சி நோயாளிகள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அன்றைய இன்டர்ஃபெரான் சிகிச்சையோ படுத்தி எடுக்கும்: வாராவாரம் ஊசி, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, போதாக்குறைக்கு மனச்சோர்வு. தொலைவில் இருக்கும் ஏழைகள் எத்தனை முறை அலைவார்கள்?

2003-இல் அவர் 'எக்கோ' திட்டத்தைத் தொடங்கினார். வாரந்தோறும் கிராமத்து டாக்டர்கள் வீடியோவில் கூடுவார்கள். ஒருவர் தன் நோயாளியின் வயது, ரத்த அறிக்கை, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் பெயர் சொல்லாமல் விவரிப்பார். நிபுணர்கள் வழி சொல்ல, மற்றவர்களும் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள். நிபுணர் தொலைவிலிருந்து ஒரு நோயாளியைப் பார்க்கும் சாதாரண டெலிமெடிசினில் இல்லாத பெரிய லாபம் இதுதான். ஒரு நோயாளிக்குச் சொன்ன யோசனை பல ஊர்களுக்குப் போய்ச் சேர்கிறது.

பலன்? 407 நோயாளிகளைக் கவனித்த ஆய்வு 2011-இல் வெளியானது. அரோராவின் பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், எக்கோவில் சேர்ந்த கிராமப்புற மையங்களிலும் சிறைகளிலும் 58.2.

நம் நாட்டிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இதே முறையில் மனநலம், போதை மீட்பு சிகிச்சைகளில் வெளியூர் மருத்துவர்களுக்குப் பயிற்சி தருகிறது.