குடவோலையும் கைப்பேசியும்
(உயர்கல்விக் கட்டுரை)

மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி ஆகியவற்றையே உயர்கல்வி என்று எண்ணி நாம் பழகிவிட்டோம். பட்டம் பெற்றபின் கற்கக்கூடிய வேறொரு துறையும் உண்டு. செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம், கைப்பேசி ஆகியவை நாட்டெல்லைகளைக் கடந்து மக்கள் மனத்தை எவ்வாறு மாற்றுகின்றன என ஆராயும் துறை அது. ‘ஊடகமும் உலகமயமாதலும்’ என்று அதற்குப் பெயர். அது யாது, நம் ஊர்ப் பெண்களுக்கு அதனால் என்ன பயன் என்பதை இங்கே காண்போம்.

முதலில் இரு சொற்களுக்குப் பொருள் அறிவோம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே நின்று செய்தியைச் சுமந்து செல்வது ஊடகம். பொருளும் பணமும் செய்தியும் நாடு விட்டு நாடு எளிதாகப் புழங்கி, உலகமே ஒரு சந்தைபோல் ஆவது உலகமயமாதல். இவ்விரண்டும் நம் மாநிலத்தில் கைகோத்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அப்போது தொலைக்காட்சி என்றால் அரசின் தொலைக்காட்சி மட்டுமே. 1991 இல் இந்தியப் பொருளாதாரக் கொள்கை மாறியது. அதே ஆண்டில் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியே வந்தது. 1993 ஏப்ரலில் தமிழில் சன் தொலைக்காட்சி தோன்றியது. பதினெட்டே ஆண்டுகளில், ஒரு நிலையத்தைப் பார்த்திருந்த வீடுகளுக்குள் உலகமே நுழைந்துவிட்டது.

இத்துறை பட்டணத்தாருக்கு உரியது என்று நினைக்க வேண்டா. அது கேட்கும் கேள்விகளை நம் உத்திரமேரூரிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

இங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரை நாம் யாவரும் அறிவோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், ஊர்ச்சபை எடுத்த முடிவுகள் அதில் பொறிக்கப்பட்டன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதனை வாங்கிப் படித்தார். அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் அதனை மீண்டும் படித்தனர். கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது, ஒருவர் படித்ததைப் பலர் சரிபார்க்க வேண்டும் என்பதே இதன் கருத்து. செய்தியில் கலப்படம் நேராமல் காக்க நம் முன்னோர் கண்ட வழி இது. அந்த விதிகளைத் தாங்கி நின்ற கற்சுவர், அக்காலத்து ஊடகம் அன்றோ!

அச்சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் செய்தியோ பயணம் புறப்பட்டது. 1898 இல் அரசின் கல்வெட்டுத் துறையினர் அதனைப் படியெடுத்தனர். வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் 1932 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூலில் அதனை விரிவாக எடுத்துரைத்தார். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோது, பிரதமர் தம் உரையில் உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். இன்று வெளிநாட்டில் வாழும் தமிழரும் கைப்பேசியில் அக்கல்வெட்டின் படத்தைக் காண்கின்றனர். உள்ளூர்ச் செய்தி உலகச் செய்தியாயிற்று. இனி இத்துறை மாணவி கேட்கும் மூன்று கேள்விகளைப் பார்ப்போம்.

முதற் கேள்வி: வழியில் எது உதிர்ந்தது? ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மக்களாட்சி’ என்ற ஒரு வரியே பெரும்பாலும் ஊர் ஊராகப் பரவுகிறது. கல்வெட்டையோ முழுதும் படிக்க வேண்டும். போட்டியிடுவோருக்கு வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அது நிலமுடைய அந்தணரின் சபை. நிலமற்ற உழவருக்கு அங்கே இடமில்லை. பெண்ணின் பெயர் எழுதிய ஓலை அக்குடத்தில் விழுந்ததாகவும் கல்வெட்டு கூறவில்லை. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிய அதன் நேர்மையை நாம் போற்றுவோம். விடுபட்டவர் யாவர் என்பதையும் சேர்த்தே சொல்வோம். தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களில் பெண்களுக்குப் பாதி இடங்களை ஒதுக்கும் சட்டத் திருத்தம் 2016 இல்தான் வந்தது.

இரண்டாம் கேள்வி: வழி யாருக்குச் சொந்தம்? வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது. இன்றோ நாம் நாள்தோறும் பயன்படுத்தும் யூடியூப் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்தது. வாட்ஸ்அப் மெட்டா நிறுவனத்தைச் சேர்ந்தது. இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். யூடியூபில் எந்தக் காட்சி முதலில் வர வேண்டும் என்பதை அந்நிறுவனத்தின் கணிப்பொறி முடிவு செய்கிறது. விளம்பரமே அதன் முதன்மையான வருவாய். ஆகவே நாம் நெடுநேரம் பார்க்கப் பார்க்க அதற்கு ஆதாயம் கூடும். இதை அறிந்த பிள்ளை, கைப்பேசியை எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதையும் அறிவாள்.

மூன்றாம் கேள்வி: நம்மைப் பற்றிப் பேசுவது யார்? யுனெஸ்கோ நிறுவனம் அமைத்த மக்பிரைடு குழுவின் அறிக்கை 1980 இல் வெளிவந்தது. அதில் இந்தியாவின் சார்பில் இதழாளர் பி.ஜி. வர்கீஸ் இடம்பெற்றார். வளமான சில நாடுகளிலிருந்தே செய்தி பிற நாடுகளுக்கு ஒருவழியாகப் பாய்கிறது என்ற குறையை அக்குழு ஆராய்ந்தது. நாட்டுக்கு நாடு உள்ள அக்குறை, நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலும் உண்டு. அதனை மாற்றவும் முடியும். 2008 இல், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்தில், ஏழை தலித் பெண்கள் ‘சங்கம் ரேடியோ’ என்னும் சமுதாய வானொலியைத் தொடங்கினர். விதை, விளைச்சல், மருந்து, பாட்டு என அவர்கள் வாழ்க்கையை அவர்களே பேசினர்.

மாணவியரே! இத்துறையில் சேரப் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பட்டப்படிப்பு போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கல்வி 1947 இல் தொடங்கியது. இன்று அங்கே முதுகலைப் பட்டமும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 இல் தொடங்கிய ‘அண்ணா எப்.எம்.’ இந்தியாவின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி. நல்ல தமிழும், பிழையற்ற ஆங்கிலமும், கேள்வி கேட்கும் துணிவுமே இதற்கு மூலதனம். அவற்றை இப்பள்ளியிலேயே சேர்க்கத் தொடங்கலாம்.

பெற்றோரே! இத்துறையை வெறும் கேளிக்கைப் படிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஏரியில் நீர் இல்லை என்பதும், பேருந்து வரவில்லை என்பதும், நம் நெசவாளரும் உழவரும் படும் பாடும் ஊர் தாண்டிக் கேட்க வேண்டுமானால், அவற்றை உள்ளபடி எழுத நம் பெண்கள் வேண்டும்.

இன்றே ஒரு பயிற்சி செய்வோம். கைப்பேசியில் வரும் ஒரு செய்தியை எடுத்து, மேற்கண்ட மூன்று கேள்விகளையும் அதனிடம் கேட்போம். விடை கிடைக்கும் வரை அதனைப் பிறருக்கு அனுப்பாதிருப்போம். ஓலையைப் பலரறியப் படித்துச் சரிபார்த்த ஊரில் பிறந்த நமக்கு, இப்பழக்கம் கடினமாகாது.