கூடாரம் பிரித்த மறுநாள்

பாலைக்குத் தனி நிலம் இல்லை என்றே பழந்தமிழர் கருதினர். குறிஞ்சியும் முல்லையும் மழையின்றி வறண்டு தம் இயல்பு கெட்டபோது, அந்நிலமே பாலை எனப்பட்டது. திருச்செந்தூர்ப் பகுதியின் செம்மணல் தேரிகளைத் தவிர, கண்ணுக்கெட்டிய தொலைவு மணலாகவே கிடக்கும் காட்சி தமிழ்நாட்டில் அரிது. ராஜஸ்தானில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ அது அன்றாடக் காட்சி. ஜெய்சால்மரிலோ பாட்மேரிலோ பயிலும் ஒரு சிறுமி, ஐந்திணையைப் பாடநூலில் படிக்குமுன்பே பாலையைத் தன் காலணிக்குள்ளும் சோற்றுத் தட்டிலும் கண்டிருப்பாள்.

ஜெய்சால்மர் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், சம் என்னும் சிற்றூரை ஒட்டி மணற்குன்றுகள் அடுக்கடுக்காக உள்ளன. குளிர்காலம் தொடங்கியதும் அங்குக் கூடாரங்கள் எழும். பகலில் ஒட்டகச் சவாரி, மாலையில் கதிரவன் மறையும் காட்சி, இரவில் மாங்கணியார் இசைக்கலைஞரின் பாட்டு என நாள்தோறும் கூட்டம் நிறையும். தை அல்லது மாசி முழுநிலவை ஒட்டி நடைபெறும் பாலைவனத் திருவிழாவின்போது கூட்டம் மேலும் பெருகும். தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி, ஒட்டகப் பந்தயம் ஆகியவற்றைக் காண வெளிநாட்டினரும் வருவர். ஒட்டகம் வளர்ப்பவர், பாடுபவர், சமைப்பவர் என ஊரார் பலரின் வாழ்வு இந்தச் சில மாதங்களை நம்பியே உள்ளது. ஆகவே, விழாவே வேண்டா என்று சொல்லிவிட இயலாது. இங்குக் கருத வேண்டியது விழா முடிந்த மறுநாளைப் பற்றியே.

மறுநாள் காலையில் மணல்மேல் கிடப்பவை எவை? தண்ணீர்க் குப்பிகள், தேநீர்க் குவளைகள், வறுவல் பொட்டலங்கள், பான்மசாலா உறைகள், கிழிந்த பலூன்கள், பட்டாசுத் தாள், உண்டு மீந்த உணவு. பெரியனவற்றை யாரேனும் பொறுக்கிவிடுவர். குப்பியின் மூடி, உறையின் கிழித்த முனை, ஆடையிலிருந்து உதிர்ந்த சரிகைத்துணுக்கு ஆகியவை அங்கேயே தங்கிவிடும்.

வேறு நிலங்களில் இவற்றில் ஒரு பகுதியையேனும் மண் தின்றுவிடும். வாழைப்பழத் தோல் ஈரமண்ணில் சில வாரங்களில் மக்குகிறது. மக்கச் செய்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஈரம் வேண்டும். சென்னையில் ஓராண்டின் சராசரி மழை 1,300 மில்லிமீட்டரைத் தாண்டும். ஜெய்சால்மரில் அது ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மட்டுமே. எனவே அங்கே எறியப்பட்ட பழத்தோல் அழுகாமல், தோற்செருப்பின் வார்போல் காய்ந்து சுருண்டு கிடக்கும். நெகிழியின் நிலை இன்னும் கொடிது. கடும் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் அதை நொறுங்கும் தன்மை உடையதாக்குகின்றன. அது மறைவதில்லை, உடைகிறது. இன்று ஒரு கையால் எடுக்கக்கூடிய ஒரு குவளை, பின்னர் நூறு கைகளாலும் எடுக்க முடியாத துணுக்குகளாகிவிடும்.

இதனோடு காற்றும் சேர்கிறது. மணற்குன்று நிலையாக நிற்பதன்று; காற்று அதன் ஒரு பக்கத்து மணலை வாரி மறுபக்கத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். இன்று மாலை கிடந்த குப்பி நாளை மணலுக்குள் புதைந்திருக்கும். பார்ப்பவர், குன்று தூய்மையாகிவிட்டது என எண்ணுவர். கோடைக்காற்று வீசும்போது அதே குப்பி மீண்டும் வெளியே தலைகாட்டும். எடை குறைந்த பைகளோ புதைவதும் இல்லை. அவை பறந்து சென்று முள்மரங்களில் சிக்கிக்கொள்கின்றன. ராஜஸ்தானின் மாநில மரமாகிய கேஜ்ரியின் கிளைகளில் அவை கந்தல்போல் தொங்குவதைக் காணலாம். அந்தக் கேஜ்ரிதான் தமிழ்நாட்டுக் கோயில்களில் தலமரமாக வணங்கப்படும் வன்னி என்பது பலர் அறியாத செய்தி.

வன்னியின் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். இலையோடு பையும் வயிற்றுக்குள் போகிறது. உப்பும் உணவின் மணமும் ஒட்டிய பையை விலங்கு தேடியே தின்பதும் உண்டு. துபாயிலுள்ள கால்நடை ஆய்வகம் ஒன்று பல ஆண்டுகளாக இறந்த ஒட்டகங்களை ஆராய்ந்ததில், ஏறத்தாழ 300 ஒட்டகங்களின் வயிற்றில் நெகிழிப் பைகளும் கயிறுகளும் இறுகிப் பாறைபோன்ற உருண்டைகளாகக் கிடந்தன. வயிற்றில் அவ்வுருண்டை இருக்கும்வரை ஒட்டகத்துக்குப் பசி தோன்றாது. தின்னாமல் மெலிந்து அது இறக்கும். ஒட்டகத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது வெறும் சுற்றுச்சூழல் செய்தி அன்று.

குப்பை என்றதும் நெகிழியை மட்டுமே எண்ணுவது வழக்கமாகிவிட்டது. மீந்த உணவும் தீங்கு செய்யும். சம் மணற்குன்றுகளை ஒட்டிய பாலைவன தேசியப் பூங்காவில் கானமயில் வாழ்கிறது. அதுவே ராஜஸ்தானின் மாநிலப் பறவை. உலகில் இன்று எஞ்சியுள்ள கானமயில்கள் 200-க்கும் குறைவு. மரத்தில் கூடு கட்டாமல் வெறுந்தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும் பறவை அது. கூடாரங்களின் பின்புறம் கொட்டப்படும் உணவு நாய்களையும் காகங்களையும் பெருக்குகிறது. கூட்டம் சென்றபின் உணவு நின்றுவிடும்; நாய்கள் நிற்கும். பசித்த நாய் தரையில் கிடக்கும் முட்டையை விட்டுவைப்பதில்லை.

விழாக் கூட்டம் எங்கும் உண்டு. அக்கூட்டம் சென்றபின் பாலைநிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையை மிகக் கடுமையான கணக்கோடு செய்யும் இடம் ஒன்று அமெரிக்காவில் உள்ளது. நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைவனம் மணற்குன்றுகளால் ஆனதன்று. பழங்காலத்து ஏரி ஒன்று வற்றியதால் உண்டான, தட்டையான வெண்களிமண் வெளி. அங்கு ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் ‘பர்னிங் மேன்’ என்னும் விழா நடைபெறுகிறது. மரத்தால் மாபெரும் மனித உருவம் செய்து இறுதியில் எரிப்பதால் அப்பெயர். 1986-இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் சிறு கூட்டமாகத் தொடங்கிய விழா, 1990-இல் பாலைவனத்துக்கு இடம் மாறியது. இன்று ஏறத்தாழ 70,000 பேர் கூடுகின்றனர். ஒரு வாரத்துக்கு அங்கே ஒரு நகரமே எழுகிறது. ஆனால் அந்நகரத்தில் பொதுக் குப்பைத்தொட்டி ஒன்றுகூட இல்லை.

இது மறதியால் நேர்ந்ததன்று. தொட்டி வைத்தால் குப்பை தொட்டிக்கு உரியதாகிவிடும். வைக்காவிட்டால் கொண்டுவந்தவருக்கு உரியதாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொருவரும் தாம் கொண்டுவந்த அனைத்தையும் திரும்பக் கொண்டுசெல்ல வேண்டும். பாத்திரம் கழுவிய நீரையும் தரையில் கொட்டக் கூடாது. குப்பை என்னும் சொல்லையே அவர்கள் விரிவாக்கியுள்ளனர். தன் இடத்தை விட்டு வேறிடத்தில் கிடக்கும் எப்பொருளும் அவர்களுக்குக் குப்பைதான். மரச்சீவல், இறகு, கடலைத்தோல், தலைமயிர் ஆகியன இயற்கைப் பொருள்கள்தாமே என்றால், இந்த வெளியில் அவை இயல்பாகத் தோன்றுவன அல்ல என்பது விடை.

அந்நிலம் அரசுக்கு உரியது. அதைப் பேணும் நிலமேலாண்மைத் துறை, விழாவுக்கு இசைவு தரும்போதே ஓர் அளவை விதிக்கிறது. ஓர் ஏக்கரில் சராசரியாக ஒரு சதுர அடிக்கு மேல் எச்சம் இருக்கக் கூடாது. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அவ்வளவு நிலத்தில் கிடக்கும் துணுக்குகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பரப்பினால், வீட்டுத் தரையில் பதிக்கும் ஓரடிச் சதுர ஓடு ஒன்றை அவை மூடலாம், அதற்கு மிகலாகாது. துறையினர் நேரில் வந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக இடங்களைத் தேர்ந்து பொறுக்கி அளப்பர். அளவை மீறினால் அடுத்த ஆண்டுக்கான இசைவே கேள்விக்குள்ளாகும்.

எனவே எல்லாரும் சென்றபின் நூறு பேருக்கும் மேற்பட்ட பணிக்குழு அங்கேயே சில வாரங்கள் தங்குகிறது. அவர்கள் கைகோக்கும் இடைவெளியில் வரிசையாக நின்று, வயலில் நாற்று நடுவோர்போல் குனிந்தபடி, தெருத்தெருவாக முன்னேறுவர். திருகாணி, கூடார முளை, துணிநூல், சரிகைப்பொட்டு என எல்லாம் வாளிக்குள் விழும். தீ மூட்டிய இடங்களில் காந்தம் பொருத்திய வாரியால் ஆணிகளைத் திரட்டுவர். வரிசை நடக்கும்போதே ஒருவர் வரைபடத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டு வருவார். விரைந்து கடக்க முடிந்த இடம் பச்சை. சற்றுத் தயங்க வைத்த இடம் மஞ்சள். வரிசையையே நிறுத்திவிட்ட இடம் சிவப்பு. எந்தக் கூடாரக் குழு எங்கே தங்கியது என்பது பதிவில் இருப்பதால், சிவப்புக்கு உரியவர் யார் என்பது தெரிந்துவிடும். வரைபடம் பின்னர் அனைவரும் காண வெளியிடப்படுகிறது. அடுத்த ஆண்டு இடம் ஒதுக்கும்போது அது கணக்கில் கொள்ளப்படுகிறது. பெயர் பதியாமல் தங்கியவர்களை இந்த வரைபடத்தால் பிடிக்க முடியாது என்பதும் உண்மை.

இக்கதையில் குறையும் உண்டு. வீடு திரும்புவோரில் சிலர், பாலைவனத்தைத் தூய்மையாக விட்டுவிட்டு, குப்பைப் பைகளை வழியிலுள்ள ஊர்களின் சாலையோரத்தில் வீசிச் செல்கின்றனர். அச்சாலையையும் பணிக்குழுவே தூய்மை செய்ய வேண்டியுள்ளது. 2017-இல் ஆயிரக்கணக்கான மிதிவண்டிகள் அங்கேயே கைவிடப்பட்டன. 2023-இல் விழாவின் இடையே மழை பெய்து களிமண் சேறாகியது. பல்லாயிரம் பேர் வெளியேற முடியாமல் சில நாள் சிக்கினர். சேறு காய்ந்தபோது அதில் மிதிபட்ட பொருள்கள் சுட்ட செங்கல்லில் பதிந்த கல்போல் இறுகிப்போயின. ஒவ்வொன்றையும் தோண்டியே எடுக்க வேண்டியதாயிற்று.

நெவாடாவின் முறையைத் தார் பாலைவனத்துக்கு அப்படியே கொண்டுவர இயலாது. அங்கே தரை கெட்டி. விழுந்தது மேலேயே கிடக்கும். இங்கே மணல், விழுந்தது புதையும். அங்கே ஒரே விழா, ஒரே அமைப்பாளர். இங்கே குளிர்காலம் முழுவதும் கூட்டம். கூடாரம்தோறும் வெவ்வேறு உரிமையாளர். மாலையில் வந்து இரவே திரும்புவோர் யார் என்பதை ஒருவரும் எழுதிவைப்பதில்லை. ஆயினும், யாருடைய குப்பை என்பதைக் கண்டறியும் வழி இங்கும் இல்லாமல் இல்லை. நூறு பேருக்கு மேற்பட்டோரைத் திரட்டி, உரிமம் பெறாத இடத்தில் நிகழ்ச்சி நடத்துவோர் மூன்று வேலைநாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்கு அறிவிக்க வேண்டும், குப்பையைத் தரம்பிரித்து ஒப்படைக்கவும் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழித் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளன. காகிதக் குவளையே நல்லது என்று மாறியோர், அதன் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் பூச்சு இருப்பதைக் கவனிப்பதில்லை. மண்குவளை எனப்படும் குல்லடு ராஜஸ்தானில் இன்றும் கிடைக்கிறது. அது உடைந்தாலும் சுட்ட மண்ணே.

மணற்குன்றில் பணியின் வரிசை முக்கியமானது. நிலம் சூடேறக் காற்றும் வலுக்கும் என்பதால், விழா முடிந்த மறுநாள் விடியற்காலையிலேயே பொறுக்கத் தொடங்க வேண்டும். முதலில் மேலே கிடக்கும் இலேசான பைகளும் தாள்களும். அவைதாம் முதலில் பறப்பவை. பிறகு காற்று செல்லும் திசையிலுள்ள முள்வேலிகளும் வன்னி மரங்களும். அடுத்துக் கூடாரம் நின்ற இடத்திலும் சமையல் நடந்த இடத்திலும் மேல்மணலை வாரி, கட்டட வேலைக்குப் பயன்படும் சல்லடையில் சலிக்க வேண்டும். மணல் கீழே இறங்கிவிடும். மூடிகளும் ஆணிகளும் உறைமுனைகளும் சல்லடையில் தங்கும். எவ்வளவு தங்கியது, எந்தக் கூடாரத்தின் இடத்தில் தங்கியது என்பதை அப்போதே எழுதிவிட்டால், தாரிலும் ஒரு வரைபடம் உருவாகிவிடும்.

அருஞ்சொற்பொருள்

தேரி – செம்மணல் மேடு
நுண்ணுயிர் – கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்
நெகிழி – பிளாஸ்டிக்
இசைவு – அனுமதி
எச்சம் – மீந்து கிடப்பது
கூடார முளை – கூடாரக் கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கும் கம்பி

பயிற்சி

1. ‘மறைவதில்லை, உடைகிறது’ – எப்பொருளைப் பற்றி, எக்காரணத்தால் இவ்வாறு கூறப்பட்டது?

2. மீந்த உணவுக்கும் கானமயிலின் முட்டைக்கும் உள்ள தொடர்பை நான்கு தொடர்களில் எழுதுக.

3. பொதுக் குப்பைத்தொட்டி வைக்காமல் இருப்பது உங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பொருந்துமா? பொருந்தும், பொருந்தாது என்னும் இரு அணியாகப் பிரிந்து வகுப்பில் தமிழில் வாதிடுக.

4. விளையாட்டு விழா முடிந்த மறுநாள், வகுப்பினர் கைகோக்கும் இடைவெளியில் வரிசையாக நின்று பள்ளித் திடலைக் கடந்து செல்க. பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் வரைபடம் வரைந்து, சிவப்பு இடத்தில் கிடைத்த ஐந்து பொருள்களின் தமிழ்ப் பெயர்களை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருக.