குரோய்டனிலிருந்து ஒரு நாள் யாத்திரை

குரோய்டன்,
ஆனி மாதம்.

என் அன்பிற்குரிய மருமகளுக்கு,

ஜப்பான் தேசத்து ஷிகோக்குத் தீவில், கோபோ தைஷி என்னும் மகானின் நினைவாக 88 கோயில்களைக் கால்நடையாகச் சுற்றி வரும் யாத்திரையைப் பற்றிப் படித்துவிட்டு, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளும் அந்த வழியில் வெள்ளை உடையும் கைத்தடியுமாக நடக்கவேண்டும் என்ற ஆசை உன்னைப் பற்றிக்கொண்டதாகவும், படிப்பு முடியும் வரை அதற்கு வேண்டிய பணமும் விடுமுறையும் கிட்டப்போவதில்லை என்ற வருத்தமும் உடன் சேர்ந்துகொண்டதாகவும் எழுதியிருந்தாய். ஆசை நல்லது, வருத்தம் அநாவசியம். உன் வீட்டு வாசலிலிருந்தே விடியலில் புறப்பட்டு, பௌத்தர்களின் தலங்கள் இரண்டைத் தரிசித்து, அந்தி சாய்வதற்குள் முடித்துவிடக்கூடிய நடை ஒன்று உண்டு. அதற்கு யாரும் யாத்திரை என்று பெயரிடவில்லை; ஷிகோக்குக் கோயில்களில் போல, வழியில் முத்திரை குத்திக் கொடுப்பவரும் இல்லை. அது ஒரு குறையென்று எனக்குத் தோன்றவில்லை.

வழியைச் சொல்லுமுன் வேறொன்றைச் சொல்லவேண்டும். யாத்திரை என்றால் ஓரிடத்தைப் போய்ச் சேர்வது என்றே நம்மில் பெரும்பாலோர் கருதுகிறோம். அசோகச் சக்கரவர்த்தி தம் எட்டாவது பெரும்பாறைச் சாசனத்தில், முன்னிருந்த அரசர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்குமாக மேற்கொண்ட பிரயாணங்களைக் குறிப்பிட்டுவிட்டு, தாம் முடிசூடிப் பத்தாண்டு ஆனபோது புத்தர் ஞானம் எய்திய தலத்துக்குச் சென்றதையும், அதுமுதல் தரும யாத்திரைகள் தொடங்கியதையும் பொறித்துவைத்திருக்கிறார். அந்த யாத்திரைகளில் நிகழ்பவை எவை என்றும் அவரே விளக்குகிறார்: சிரமணரையும் பிராமணரையும் கண்டு தானம் அளித்தல், முதியோரைக் கண்டு பொன் வழங்குதல், நாட்டுப்புறத்து மக்களைச் சந்தித்து அவர்களோடு தருமம் பற்றிப் பேசுதல். போதி மரத்தடியில் தம் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதற்கு அந்தச் சாசனத்தில் ஒரு வரி கூட இல்லை. தலத்துக்கும் தலத்துக்கும் இடையில் வாழும் மனிதரே யாத்திரையின் பொருள் என்று அந்தப் பேரரசர் கருதினார் என்றே நான் கொள்கிறேன். ரயிலில் போகிறவனுக்கு அந்த மனிதர் கண்ணில் படுவதில்லை.

புத்தரும் ஞானம் எய்தியபின் நாற்பத்தைந்து ஆண்டுகள் கங்கைச் சமவெளியில் நடந்துகொண்டேயிருந்தார். மழைக்காலத்தில் பிக்ஷுக்கள் நடந்தால் இளம் பயிர்களும் சிற்றுயிர்களும் மிதிபடுகின்றன என்று ஜனங்கள் குறைகூறியதனால், ஆடிப் பௌர்ணமிக்குப் பின் மூன்று திங்கள் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்ற விதி ஏற்பட்டது. நடையே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு சங்கம், பிறர் பயிரின் பொருட்டுத் தன் நடையை நிறுத்திக்கொண்டது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மிகும்.

இனிப் புறப்படுவோம். குரோய்டன் ஹை வீதியில் ஒரு பௌத்த மையம் இருக்கிறது. அதன் வாசலிலிருந்து தொடங்கு. அந்த மையம் சார்ந்த இயக்கத்தை 1967-ல் இலண்டனில் நிறுவிய சங்கரக்ஷிதர், இங்கிருந்து கூப்பிடு தூரத்து டூட்டிங்கில் வளர்ந்த ஆங்கிலப் பையன். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சிப்பாயாகக் கீழ்த்திசைக்கு வந்தவர், யுத்தம் முடிந்தபின் கைப்பொருளின்றித் தென்னிந்தியாவில் சுற்றியலைந்து, திருவண்ணாமலையில் ரமண மகரிஷி முன்பு வாழ்ந்த விரூபாக்ஷி குகையிலும் தங்கி, பிறகு வடக்கே சென்று 1949-ல் குசிநகரத்தில் துறவு பூண்டார். பிற்காலத்தில் அவருடைய நடத்தை பற்றிக் கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன என்பதையும் நீ அறிந்திருக்கவேண்டும். குருமாரைப் பற்றிச் சொல்லும்போது பாதியை மறைப்பது நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள கெட்ட வழக்கம். ஆயினும் டூட்டிங்கிலிருந்து அருணாசலத்துக்கு ஒருவன் போய்ச் சேர்ந்த கதை, தமிழ் மக்கள் டூட்டிங்கில் வந்து கடை வைத்திருக்கும் இந்நாளில் நினைத்துப் பார்க்கத் தக்கது.

அங்கிருந்து வாண்டில் நதியைத் தேடிச் செல். சுமார் 14 கிலோமீட்டரே ஓடித் தேம்ஸில் கலக்கும் இச்சிறு நதியை நம்மூரில் வாய்க்கால் என்றுதான் சொல்வார்கள். 1960-களில் குரோய்டனின் வாண்டில் பூங்காவில் அதைக் குழாய்க்குள் அடைத்து மண்ணால் மூடிவிட்டார்கள். 2012-ல் மீண்டும் வெளியே கொண்டுவந்தார்கள். பூங்காவைக் கடந்தால் வாடன் குளங்கள், பெடிங்டன் பூங்கா, ஹாக்பிரிட்ஜ், மிட்சம் ஊரின் ஓரம், மோர்டன் ஹால் பூங்கா என்று நதிக்கரை நடைபாதை உன்னை அழைத்துச் செல்லும். இந்தப் பகுதியில் பேசாமல் நட. காதில் பாட்டு வேண்டாம். பெடிங்டனில் காலை வேளையில் நாயோடு வருகிற முதியவர்கள் தாமாகவே முகமன் கூறுவார்கள். பதிலுக்கு நின்று ஒரு வார்த்தை பேசு. பொன் தானம் செய்ய நம்மிடம் வசதியில்லை, இதையாவது செய்யலாம்.

மேர்ட்டனுக்கு வந்ததும் சற்று உட்கார். முற்காலத்தில் பெருமை வாய்ந்த கிறிஸ்தவ மடம் இருந்த இடம் இது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1538-ல் கலைக்கப்பட்டது. பின்னர் இந்நதிக் கரையில் துணிக்கு அச்சிடும் தொழில் தழைத்தது. அந்தத் தொழில் எதைப் பார்த்துப் பிறந்தது தெரியுமா? சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிவந்த நம் சித்திரச் சீலைகளை இங்குள்ளோர் மோகித்து வாங்கியதைக் கண்டு பொறாத உள்ளூர் நெசவாளர் கிளர்ச்சி செய்ய, 1700-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. வெள்ளைத் துணியை வரவழைத்து இங்கேயே அச்சிட்டுக்கொள்ளும் வேலை அதனால் பெருகிற்று. 1881-ல் துணி வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் தம் சாயப்பட்டறையை இதே இடத்துக்குக் கொண்டுவந்து, இந்த நீரிலேயே துணிகளை அலசினார். உன் பாட்டனாரின் ஊர்க் கரையிலிருந்து போன தொழிலின் நிழல் இந்தத் தண்ணீரில் விழுந்திருக்கிறது என்று நான் சொன்னால், மாமா மிகைப்படுத்துகிறார் என்பாய். சிறிது மிகைதான்.

மேர்ட்டனிலிருந்து எஃப்ரா வீதி அதிக தூரமில்லை. அங்கே 1981-ல் அமைந்த கணபதி கோயிலை நீ அறிவாய். சிறுவயதில் தேங்காய் உடைக்கும் ஓசைக்கு நீ அஞ்சி அழுத இடம். பௌத்த யாத்திரையில் பிள்ளையாருக்கு என்ன வேலை என்று கேளாதே. அசோகர் சிரமணரோடு பிராமணரையும் கண்டார். உள்ளே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, விபூதியோடு வெளியே வா.

நீ நம் வீட்டாரிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னவுடன் எழப்போகும் கேள்வியும் எனக்குத் தெரியும். இலங்கையில் நாம் பட்டதெல்லாம் பட்டபிறகு, புத்த கோயிலுக்குத் தமிழ்ப் பிள்ளை ஏன் நடந்து போகவேண்டும் என்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அதைக் கேட்பவர் மேல் கோபங்கொள்ளாதே. அதிகாரத்தின் காவலோடு வந்து நம் நிலத்தில் எழுந்த விகாரை வேறு. கையில் பிக்ஷா பாத்திரம் ஒன்றைத் தவிர வேறு உடைமையின்றி நடந்து வந்த தருமம் வேறு. பின்னது நமக்கு அந்நியமாக இருந்ததில்லை. மணிமேகலை பிக்ஷுணியானது தமிழில். அவள் அடைந்த மணிபல்லவம் நயினாதீவே என்பது நம்மவர் பலர் கொள்கை. ஸ்ரீவிஜயத்து மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, சிவபாதசேகரன் என்று பட்டம் பூண்ட இராஜராஜ சோழனே ஆனைமங்கலம் என்ற ஊரை இறையிலியாகக் கொடுத்தான். அந்நகரில் எஞ்சி நின்ற பழைய பௌத்த கோபுரம் 1867-ல்தான் இடிக்கப்பட்டது. 1898-ல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும் இழந்த சொத்தைக் கேட்டு வாங்கும் உணர்ச்சியோடுதான். இவ்வளவும் சொல்லியும் வீட்டில் சமாதானம் ஆகவில்லை என்றால், வாதத்தை நிறுத்திவிட்டு நடக்கப் போ.

விம்பிள்டன் மேட்டில் ஏறும்போது கால் வலிக்கும். கலோன் வீதியில் மரங்கள் சூழ்ந்த தோட்டத்துக்குள் இருக்கும் புத்தபதீபம் என்ற தாய்லாந்துக் கோயில் முதலில் ஈஸ்ட் ஷீனில் இருந்தது. 1976-ல் இங்கு வந்தது. வெண்மையும் பொன்னுமாக மின்னும் உபோசத மண்டபத்தின் உட்சுவர்களில், 1984 முதல் 1992 வரை, சலெர்ம்சாய் கோசித்பிபட், பன்யா விஜிந்தனசார்ன் என்ற இரு ஓவியர்களின் தலைமையில் இளைஞர் குழு ஒன்று புத்தர் சரிதத்தைத் தீட்டியது. சலெர்ம்சாய்தான் பின்னாளில் சியாங் ராயில் வெள்ளைக் கோயிலைக் கட்டத் தொடங்கியவர். சித்திரங்களை அவசரமின்றிப் பார். புராதனமான அந்தக் கதைக்குள் நம் காலத்து மனிதரும் பொருள்களும் புகுந்திருப்பதைக் காண்பாய். மார்கரெட் தாட்சர் அம்மையாரின் முகமும் அங்கே உண்டு. இது பக்தியா பரிகாசமா என்று சிலர் முகஞ்சுளிப்பார்கள். கூத்தாடும் கணங்களைக் கோபுரத்தில் சுதையாக வைத்துப் பழகிய நமக்கு அதில் அதிர்ச்சி இராது.

அங்கே நடந்துகொள்ளும் முறை சில. மண்டபம் எந்நாள், எந்நேரம் திறந்திருக்கும் என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள். தோளும் முழங்காலும் மறையும் உடை அணிந்துகொள். பாதரட்சையைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றபின், புத்த பிம்பத்தின் பக்கம் காலை நீட்டாமல் மடக்கி உட்கார். பிக்ஷுக்கள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. ஆகவே உணவு கொடுக்க விரும்பினால் காலையிலேயே போய்ச் சேரவேண்டும், அது உன் நடையில் முடியாது. பழமோ பூவோ போதும். பெண்கள் எதையும் அவர்கள் கையில் நேரே கொடுப்பதில்லை. அவர்கள் விரிக்கும் துணியின்மேல் வைக்கவேண்டும். இந்த விதி உனக்கு எரிச்சலூட்டும். அதைப் பற்றி அங்குள்ள பிக்ஷுவிடமே பணிவாகக் கேள். விருந்தினராகப் போன இடத்தில் கேள்வி கேட்பது தவறன்று, தீர்ப்புக் கூறுவதுதான் அழகன்று.

பிறகு சவுத்ஃபீல்ட்ஸ் வழியாக வாண்ட்ஸ்வர்த்துக்கு இறங்கி, தேம்ஸ் கரையைப் பிடித்துக் கிழக்கே நட. இந்தப் பகுதி புது அடுக்குமாடிகளும் கண்ணாடியுமாக இருக்கும், அதிகம் சொல்வதற்கில்லை. பட்டர்சீ பூங்காவில் நதியை நோக்கி நிற்கிறது சாந்தி பகோடா. ஜப்பானிய நிப்பொன்சான் மியோஹோஜி சங்கத்துத் துறவியரும் தொண்டர்களும் தம் கையாலேயே கட்டி, 1985 மே மாதம் திறந்துவைத்தார்கள். அந்தச் சங்கத்தின் ஸ்தாபகரான நிசிதாத்சு ஃபுஜி, 1930-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்தவர். கைப்பறை கொட்டி மந்திரம் ஓதிக்கொண்டு நடப்பதே அவருடைய வழிபாடு. ஹிரோஷிமாவும் நாகசாகியும் சாம்பலானபின், உலகெங்கும் இத்தகைய பகோடாக்களை எழுப்புவதைத் தம் தொண்டாகக் கொண்டார். இலண்டன் பகோடா திறக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு, நூறு வயதை நெருங்கிய நிலையில் காலமானார்.

பகோடாவை வலமாகச் சுற்று. நான்கு பக்கங்களிலும் பொன் பூசிய நான்கு உருவங்கள்: பிறப்பு, ஞானத்துக்கான தியானம், உபதேசம், பரிநிர்வாணம். 25 கிலோமீட்டருக்குக் குறையாத நடைக்குப் பின் சுற்றுகையில், நாலாவது உருவத்தில் புத்தர் படுத்திருப்பதைக் கண்டு உன் கால்கள் சற்றுப் பொறாமைப்பட்டால் அதை அபசாரமாக எண்ணவேண்டாம்.

நாளைப் பற்றி ஒரு யோசனை. ஆகஸ்டு 9, நாகசாகி நினைவு நாள். அன்று மாலை இந்தப் பகோடாவின் அருகே மக்கள் கூடி, காகித விளக்குகளை நீரில் விடுவது வழக்கம். அந்த நாளைத் தேர்ந்துகொண்டால், நடையின் முடிவில் நீ தனியாக நிற்கமாட்டாய். என் அக்காவுக்கு முழங்கால் நோவு, அவரை நடக்கச் சொல்லாதே. ரயிலேறி மாலை ஆறு மணிக்கு நேரே பூங்காவுக்கு வரட்டும், வரும்போது இடியப்பமும் சம்பலும் கொண்டுவரட்டும். இரண்டு சோடிக் காலுறை எடுத்துப் போ. மோர்டன் ஹாலுக்கு அருகே மழை பெய்தால் பாதை சேறாகும்.

இப்படிக்கு,
உன் மாமா.