எழுத்துத்திரையும் பொதி கட்டும் முறையும்

கணினியோடு உரையாடும் வழிகள் இரண்டு. படங்களையும் சாளரங்களையும் காட்டி உரையாடுதல் ஒன்று. எழுத்துக்களை மட்டும் கட்டங்கட்டமாக அடுக்கி உரையாடுதல் மற்றொன்று. பின்னதை ஈண்டு எழுத்துத்திரை என்போம். தொலைவிலுள்ள கணினிகளை ஆள்வோர் இன்றும் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

எழுத்துத்திரையிலே பட்டியலும் படிவமும் வரைதற்கு உதவும் நிரற்றொகுதி நிரலகம் எனப்படும். யுனிக்ஸ் உலகில் இவற்றுட் புகழ்பெற்றது கர்சஸ். பேர்க்கிளியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே கென் ஆர்னல்ட் என்பார் அதனை ஆக்கினார். அதன் வழிவந்த என்கர்சஸ் இன்று லினக்ஸ் கணினிகளிற் பரவலாக வழங்குகின்றது.

ஆக்கிய நிரலகம் பிறர் கைக்குச் செல்ல வேண்டுமாயின் அதனைப் பொதியாகக் கட்டுதல் வேண்டும். டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் என்கர்சஸ் பல பொதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. அவற்றுள் முக்கியமானவை:

1. செயலிகள் இயங்கும்போது வேண்டப்படும் நிரலகம்.
2. புதிய செயலிகளை எழுதுவோர்க்கு வேண்டிய கோப்புக்கள்.
3. பல்வகை முனையங்களின் இயல்புகளைக் கூறும் தரவுகள்.

இவ்வாறு பிரிப்பதால், செயலியை இயக்குவோன் எழுதுவோனுக்குரிய சுமையைச் சுமக்க வேண்டியதில்லை. எந்தப் பொதிக்கு எந்தப் பொதி துணை என்பதும் அதன் மேலேயே குறிக்கப்படும். 2015இல் என்கர்சஸ் ஆறாம் பதிப்பு வந்தது. அதன் புதிய நிரலகம் டெபியனில் இடம்பெற்றபோது, ஐந்தாம் பதிப்பை நம்பியிருந்த பழைய செயலிகள் கெடாதிருந்தமைக்குக் காரணம், பொதியின் பெயரிலேயே பதிப்பெண் பொறிக்கப்பட்டிருந்தமையாகும். இரண்டும் ஒரே கணினியில் அருகருகே வாழ்ந்தன.

இனித் தமிழுக்கு வருவோம். 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து. ஒருங்குறியிலோ அது ககரமும் ஒகரக் குறியுமாகிய இரண்டு குறிகள். கண்ணுக்குத் தெரியும் உருவங்களோ கொம்பு, ககரம், கால் என மூன்று. அதற்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது? நிரலகம் ஒரு கணக்கும் முனையம் வேறொரு கணக்கும் கொண்டால் வரிகள் குலையும். டெபியனை நிறுவும் எழுத்துத்திரையிலே தமிழ் இடம்பெறாமைக்கு இத்தகைய இடர்ப்பாடே காரணம். 2007இல் வெளிவந்த எட்ச் பதிப்பில் படத்திரை நிறுவி சேர்ந்தபோது, அதன் வழியே தமிழிலும் நிறுவ முடிந்தது. இந்திக்கும் மலையாளத்துக்கும் நேர்ந்தது இதுவே.

ஆதலால், வெள்ளவத்தையிலே பழைய கணினியொன்றை வைத்திருக்கும் மாணவன் எழுத்துத்திரை வழியே நிறுவ முற்பட்டால், தாய்மொழியை விட்டே தொடங்க வேண்டியவனாகின்றான். இக்குறையைப் பிறர் வந்து தீர்ப்பர் எனக் காத்திருத்தல் தகாது. மூலநிரல் யாவர்க்கும் திறந்தே கிடக்கின்றது. கணிதமும் தமிழிலக்கணமும் ஒருங்கே கற்ற நம் கல்லூரி மாணவர் இதனை ஆராயப் புகுவாராயின், அத்தொண்டு தமிழ் வழங்கும் நாடனைத்துக்கும் பயன்படும்.