ரோதாங் கணவாய்க்கு வண்டி கிளம்புமுன்

டூரிஸ்ட் வேன் ஓட்டும் என் மாமா சித்திரையில் கேட்டார்: "மாப்ளே, மணாலி போறோம். ரோதாங் ஏறணும். டிப்ளமோ படிக்கிறியே, என்ன பார்க்கணும் சொல்லு." வீட்டில் என்னிடம் கேட்ட முதல் தொழில் கேள்வி!

முதலில் தேதி. உயரம் 3,978 மீட்டர். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். பாதை திறந்த சேதி வந்தபின்தான் கிளம்ப வேண்டும். அனுமதிச் சீட்டும் தேவை. 2020-ல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தில் சுலபமாகப் போகலாம்; ஆனால் கணவாயைப் பார்க்க முடியாதே!

உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைப்போல் சுமார் 60 சதவீதம்தான். இன்ஜின் இழுவை குறையும், ஆட்களுக்குத் தலைவலிக்கும். இறக்கம்தான் ஆபத்து நண்பர்களே. பிரேக்கை மிதித்தபடியே வந்தால் லைனிங் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்கணும்.

மாமா சிரித்தார். "அது ஜவ்வாது மலையிலேயே தெரியும்டா. பிரேக் ஆயில் மாத்தி மூணு வருஷமாச்சு, அதைக் கேட்டியா?"

கேட்கவில்லை. பழைய ஆயில் ஈரம் உறிஞ்சியிருக்கும். சூட்டில் கொதித்தால் பெடல் உள்ளே போய்விடும். அன்றைக்கே மாற்றினோம்.